மலைக்கிராமத்தில் பேனல் வீடு: இடம் பார்ப்பதிலிருந்து சாவி கொடுப்பது வரை

லாரி வாசல் வரை போக முடியாத ஊரில், ஆலையில் செய்த பேனல்களை, அதாவது சுவர், கூரைப் பலகைகளைப் பூட்டி வீடு எழுப்பப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொல்லிமலையை மனதில் வைத்துக்கொண்டுதான் அளவுகள் எல்லாம் சொல்கிறேன்: 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம், காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள், தார்ச்சாலை முடிந்த பிறகும் நடந்து போக வேண்டிய குடியிருப்புகள். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை என்று வேறு இடத்தில் கட்டுகிறவர்கள் எண்களை மாற்றிக்கொள்ளலாம். வரிசையை மாற்ற வேண்டாம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தில் தொடங்குகிறார்கள். அப்புறம் பேனலுக்கு ஆர்டர், அப்புறம் அடித்தளம், கடைசியில் பாதையைப் பார்க்கப் போகிறார்கள். அதற்குள் 6 மீட்டர் நீளப் பேனல்கள் அடிவாரத்தில் வந்து இறங்கியிருக்கும். மலையில் வீட்டின் அளவை முதலில் முடிவு செய்வது பாதை, அடுத்து காற்று, அதற்குப் பிறகுதான் நம் விருப்பம்.

எடுத்துக்காட்டுக்கு 6 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம் உள்ள ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். 33 சதுர மீட்டர், ஏறக்குறைய 355 சதுர அடி. ஒரு கூடம், ஒரு அறை, ஒட்டினாற்போல் சமையல் இடம்.

1. நிலமும் பணமும் முதலில்

பட்டா யார் பெயரில் இருக்கிறது, அது நிபந்தனைப் பட்டாவா, வன உரிமைச் சட்டப்படி கிடைத்த உரிமையா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. அதை அடமானம் வைத்து வங்கிக் கடன் வாங்கலாம் என்று திட்டம் போட்டால் நடக்காது. அந்தக் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அனுமதிக்கு ஆகும் காலத்தையும் நாட்கணக்கில் சேர்க்க வேண்டும்.

பணம் வரும் முறையை எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அரசு வீட்டுத் திட்டங்களில் தொகை நிலை நிலையாக வரும்: அடித்தளம் முடிந்தால் ஒரு பகுதி, சுவர் லிண்டல் மட்டம் (கதவு, சன்னலின் மேல்மட்டம்) வந்தால் ஒரு பகுதி, கூரை போட்டால் ஒரு பகுதி. பேனல் வீட்டில் பெரும்செலவு ஆலையில், சுவர் எழும்பும் முன்பே ஆகிவிடுகிறது. ஆலைக்காரர் முன்பணம் கேட்பார். திட்ட அலுவலகம் எழும்பாத சுவருக்குப் பணம் தராது. நடுவில் இருக்கும் சில வாரங்களுக்கான தொகையை யார் போடுவது என்பதை எழுத்தில் முடிவு செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். கூரை கான்கிரீட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி உள்ள திட்டமா என்பதையும் இப்போதே ஒன்றிய அலுவலகப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

2. இடத்தை மழையில் பாருங்கள்

கட்டும் காலம் தை முதல் வைகாசி வரை. இடம் பார்க்கும் காலம் ஐப்பசி, கார்த்திகை. காய்ந்த மண்ணைப் பார்த்துவிட்டு இடம் குறித்தால் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று தெரியாது. மழை பெய்யும்போது போய் நின்றால் அது கண்ணெதிரே தெரியும்.

மேலே வெட்டிய மண்சரிவு இருந்தால், அந்தச் சரிவின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளிக் குறியுங்கள். கீழே பள்ளம் இருந்தால் விளிம்பில் கட்டாதீர்கள். கொட்டி நிரப்பிய மண்ணில் எந்தத் தூணும் நிற்கக் கூடாது. வீட்டுக்கு மேற்புறத்தில் தண்ணீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் ஒன்று தேவைப்படும், அதற்கும் சேர்த்து இடம் விடுங்கள்.

மரங்கள் எங்கே சாய்ந்து வளர்ந்திருக்கின்றன, எந்தப் பக்கத்துக் கூரையில் ஊர்க்காரர்கள் கல் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். காற்று வரும் திசையை அந்த ஊரில் பல ஆண்டு வாழ்ந்த பெரியவர்கள் விரல் நீட்டிக் காட்டிவிடுவார்கள். அவர்களிடம் கேட்காமல் வாசல் திசையை முடிவு செய்யாதீர்கள்.

3. பாதையை டேப் வைத்து அளங்கள்

ஆலை வாசலிலிருந்து அடித்தளம் வரை மூன்று துண்டுகளாகப் பிரியுங்கள்: பெரிய லாரி வரும் தூரம், மினி லாரியோ டிராக்டரோ வரும் தூரம், ஆள் தூக்கும் தூரம். ஒவ்வொன்றிலும் மிகக் குறுகலான இடம், மிகக் கூர்மையான வளைவு, மிகத் தாழ்வான மரக்கிளை அல்லது மின்கம்பி எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று துண்டில் எது மோசமோ அதுதான் உங்கள் பேனலின் அளவு.

நடைபாதையில் ஒரு சோதனை செய்யுங்கள். 3.6 மீட்டர் நீள மூங்கில் இரண்டைப் பக்கவாட்டில் ஒரு மீட்டர் இடைவெளி விட்டுக் கட்டி, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு முழுப்பாதையும் நடக்கட்டும். எங்கே திரும்ப முடியவில்லையோ அங்கேயே குறியுங்கள். எந்த வரைபடமும் காட்டாத சிக்கல் எல்லாம் இந்த ஒரு நடையில் வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் முழுப்பெட்டியா, பேனல் கிட்டா என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. ஆலையிலேயே முழு அறையாகச் செய்து வரும் பெட்டி வீடு பார்க்க அழகாக இருக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் 20 அடி கண்டெய்னர் அளவுப் பெட்டி 6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். வெறும் கூடே 2 டன்னுக்கு மேல். அதை இறக்க கிரேன் வேண்டும், கிரேன் நிற்க உறுதியான சமதளம் வேண்டும். கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கும் ஊருக்குப் பேனல் கிட்தான் சரி என்பது என் முடிவான கருத்து.

4. குடும்பத்தோடு உட்கார்ந்து வரையுங்கள்

வரைபடத்தை வீட்டுக்காரர்களுக்குக் காட்டி “சரிதானே?” என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வார்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்குள் நடக்கச் சொல்லுங்கள். அப்போது கேள்விகள் தானாக வரும். சாமை மூட்டை எங்கே? மிளகு காய வைப்பது எங்கே? ஆட்டுக்கல் எந்த மூலை? பாட்டி இரவில் எழுந்து எந்த வழியாக வெளியே போவார்?

இதைக் கேட்பது மரியாதைக்காக மட்டும் இல்லை. பேனல் சுவரின் தகடு 0.5 மி.மீ. தடிமன்தான். செங்கல் சுவர் மாதிரி நினைத்த இடத்தில் ஆணி அடித்துப் பரண் மாட்ட முடியாது. அலமாரி, சாமிப் படம், தொலைக்காட்சி, துணிக்கொடி எங்கெங்கே வரும் என்று முன்பே தெரிந்தால் அந்த இடத்தில் உள்ளே இரும்புப் பட்டை வைத்து வரச் சொல்லலாம். தூளி கட்டும் கொக்கி எந்தச் சட்டத்தில் வரும் என்றும் கேளுங்கள். அது கூரைப் பேனலில் மாட்டப்படக் கூடாது, இரும்புச் சட்டத்தில் வெல்டிங் செய்தே ஆலையிலிருந்து வர வேண்டும்.

விறகு அடுப்பு இருக்கும் வீடு என்றால் சமையல் இடத்தைத் தனிக் கூரையின் கீழே, கல் சுவரோடு வையுங்கள். காரணம் 6ஆம் படியில் வருகிறது.

5. வெயிலையும் குளிரையும் வரைபடத்திலேயே தீர்த்துவிடுங்கள்

மின்சாரம் குறைவான இடத்தில் வீடே வேலை செய்ய வேண்டும். இதற்குப் பணத்தைவிட யோசனைதான் அதிகம் தேவை.

நீளப் பக்கத்தை கிழக்கு மேற்காக வையுங்கள். அப்போது பெரிய சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். கொல்லிமலை ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், மார்கழி நடுப்பகலில்கூட சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில் நிற்கும். முக்கால் மீட்டர் நீட்டிய இறவானம் அந்த வெயிலைச் சுவரில் ஒரு மீட்டருக்கு மேல் தடுத்துவிடும். கிழக்கு, மேற்குச் சுவர்களில் வெயில் சாய்ந்து விழுவதால் இறவானம் உதவாது. அங்கே சன்னலைச் சிறிதாக்குங்கள், மேற்கில் திண்ணையோ பந்தலோ போடுங்கள்.

திறக்கக்கூடிய சன்னல், கதவு, வென்டிலேட்டர் எல்லாம் சேர்த்துத் தரைப்பரப்பில் எட்டில் ஒரு பங்காவது இருக்கட்டும். ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018’ என்ற மத்திய அரசின் குடியிருப்பு எரிசக்தி நெறி, மிதமான தட்பவெப்பப் பகுதிக்குக் குறைந்தது 12.5 சதவீதம் என்கிறது. நம் 33 சதுர மீட்டர் வீட்டுக்கு அது ஏறக்குறைய 4 சதுர மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களில் பிரித்து வையுங்கள். ஒரே சுவரில் வைத்தால் காற்று உள்ளே வந்து நிற்கும், ஓடாது.

பேனல் வெப்பத்தைத் தடுக்கும், தேக்கி வைக்காது. அதனால் பகலில் சட்டென்று சூடாகும், இரவில் சட்டென்று குளிரும். இதைச் சமன் செய்ய தரையைக் கனமாக வையுங்கள்: கல் பாவி அதன்மேல் கான்கிரீட், மேலே சிவப்பு ஆக்சைடு அல்லது டைல்ஸ். தரையையும் பலகையில் போட்டுத் தூக்கி நிறுத்தினால் வீடு முழுக்க எடை இல்லாமல் போய்விடும், மார்கழி இரவில் அது தெரியும்.

6. பேனல் தேர்வு

நடுவில் பாலியூரிதேன் நுரை, இருபுறமும் துத்தநாகமும் வண்ணமும் பூசிய இரும்புத் தகடு. இதைத்தான் பஃப் பேனல் என்கிறோம். 50 மி.மீ. தடிமன் பேனலில் ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வெப்ப வித்தியாசத்துக்குக் கடப்பது சுமார் 0.45 வாட். பூசிய 9 அங்குலச் செங்கல் சுவரில் இது ஏறக்குறைய 2 வாட். மேலே சொன்ன நெறி கூரைக்கு அனுமதிக்கும் உச்சம் 1.2 வாட். ஆக 50 மி.மீ. பேனலே சுவருக்கும் கூரைக்கும் தாராளம். கூரைக்கு மட்டும் 60 மி.மீ. எடுக்கலாம், அதற்கு மேல் செலவு செய்வதைவிட அந்தப் பணத்தை நல்ல சன்னலில் போடுங்கள்.

நுரையின் அடர்த்தி கன மீட்டருக்கு 40 கிலோ என்று ஆர்டரில் எழுதுங்கள். குறைந்த அடர்த்தி நுரை வந்தால் தகடு நாளடைவில் பிரிந்து உப்பும். பேனல் வந்ததும் வெட்டுத்துண்டு ஒன்றை அளந்து, எடை போட்டு, நீங்களே சரிபார்க்கலாம். கூரைத் தகட்டின் வெளிப்பக்கம் வெள்ளை அல்லது வெளிர் நிறம். அடர்பச்சையும் செங்கல் நிறமும் மலைக்கு அழகு என்று பலர் கேட்பார்கள். வெயிலில் அவை சூடாகும்.

தீ பற்றி ஒளிவு மறைவு இல்லாமல் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பஃப் நுரை எரியும், நச்சுப் புகை விடும். கேஸ் அடுப்பு உள்ள சுவருக்கு ராக்வூல் பேனல் போடுங்கள். எடை கூடுதல், வெப்பத் தடுப்பு கொஞ்சம் குறைவு, ஆனால் நடுவில் இருக்கும் பாறை இழைப் பஞ்சு எரியாது. ராக்வூல் நனைந்தால் கெடும் என்பதால் அதன் அடிமுனை தரையைத் தொடக் கூடாது. விறகு அடுப்பைப் பேனல் வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம்.

7. காற்று கூரையைத் தூக்கும் கணக்கு

கனமான வீட்டுக்குப் பழகிய மேஸ்திரிகளும் இளம் பொறியாளர்களும் தடுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் வீட்டின் பேனல், இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்து எடை சுமார் இரண்டரை டன். இதே அளவு வீட்டின் 9 அங்குலச் செங்கல் சுவர் மட்டுமே 20 டன்னைத் தாண்டும். தூக்கிச் செல்ல லேசான வீடு நல்லது. காற்றுக்கு அது நல்லதல்ல.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நெறியான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி அடிப்படைக் காற்று வேகம் கோவைக்கும் மதுரைக்கும் வினாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. சமவெளியில் வேலை செய்தவர்கள் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் குன்றின் உச்சியிலும் முகட்டிலும் காற்று நெருங்கி வேகமெடுக்கும். அதற்காக அதே நெறியில் நிலவமைப்புக் காரணி ஒன்று உண்டு, 1லிருந்து 1.36 வரை போகும். 39ஐ 1.2ஆல் பெருக்கினால் 46.8. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், சதுர மீட்டருக்கு 93 கிலோவாக இருந்தது 134 கிலோ ஆகிவிடுகிறது.

இறவானத்தோடு சேர்த்து நம் கூரை 54 சதுர மீட்டர். கதவு திறந்திருக்கும்போது உள்ளேயிருந்து தள்ளும் காற்றையும் வெளியேயிருந்து இழுக்கும் காற்றையும் கூட்டி, சராசரியாக முழு அழுத்தமும் மேல்நோக்கி என்று வைத்தால் 7 டன்னுக்கு மேல் வருகிறது. வீட்டின் முழு எடையே இரண்டரை டன். அதாவது கூரையை மட்டும் இல்லை, வீட்டையே பிடித்து வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது அடித்தளத்தின் எடையும், அதோடு வீட்டைக் கட்டும் போல்ட்டுகளும்தான்.

எனவே கூரைப் பேனல், குறுக்குச் சட்டம், தூண், அடித்தட்டு, ஆங்கர் போல்ட், கான்கிரீட் என்று ஒவ்வொரு இணைப்பும் அந்த இழுவையைத் தாங்குகிறதா என்று கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பொதுவாக முதலில் விட்டுப்போவது போல்ட் இல்லை; மெல்லிய தகட்டைக் கிழித்துக்கொண்டு ஸ்க்ரூ தலை வெளியே வரும். கூரையின் ஓரத்திலும் மூலையிலும் இழுவை அதிகம், அங்கே ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடுங்கள், தலைக்குக் கீழே அகலமான வாஷர் வையுங்கள். கூரைச் சாய்வு 15 டிகிரி அளவில் இருந்தால் மழையும் வடியும், வீடும் அதிக உயரம் போகாது.

8. ஆர்டரும் பட்டியலும்

பேனல்கள் ஒரு மீட்டர் அகலத்தில் வரும், நீளம் நாம் சொல்வதுதான். சுவருக்கு 2.7 மீட்டர், கூரைக்கு ஒவ்வொரு பக்கமும் 3.6 மீட்டர். சதுர மீட்டருக்கு 11 கிலோ என்று கணக்கிட்டால் சுவர்ப் பேனல் 30 கிலோ, கூரைப் பேனல் 40 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம். இதற்கு மேல் போனால் மூன்றாவது ஆள் தேவைப்படும், குறுகிய பாதையில் அவர் நடக்க இடம் இருக்காது.

ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுக்கச் சொல்லுங்கள். எண் வெளிப்புறப் பாதுகாப்புத் தாளில் மட்டும் இருக்கக் கூடாது, பேனலின் முனையிலும் வேண்டும். தாள் வழியிலேயே கிழிந்துவிடும். இரும்புச் சட்டத்தை ஆலையிலேயே ஒருமுறை முழுதாகப் பூட்டிக் காட்டச் சொல்லி, நீங்கள் நேரில் நின்று பாருங்கள். துளை ஒன்று தவறியிருந்தால் அங்கே சரிசெய்வது பத்து நிமிட வேலை, மலையில் வெல்டிங் மெஷினும் ஜெனரேட்டரும் தேடி ஒரு நாள் போய்விடும்.

ஸ்க்ரூ, வாஷர், பியூட்டைல் டேப் (இடுக்கு அடைக்கும் ஒட்டும் ரப்பர் நாடா), சிலிக்கான், மூலைத் தகடு எல்லாம் தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். பேனலில் கூடுதலாகச் சுவருக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று. சிலிக்கான் வாங்கும்போது நியூட்ரல் வகையா என்று பாருங்கள். காடி வாசனை அடிக்கும் சாதாரண வகை துத்தநாகப் பூச்சை அரிக்கும்.

9. அடித்தளம்: போல்ட் ஒரு விரல் தள்ளினாலும் வீடு ஏறாது

செங்கல் வீட்டில் அடித்தளம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பூச்சில் சரி செய்துவிடலாம். இங்கே சட்டம் ஆலையில் மில்லிமீட்டர் கணக்கில் செய்து வருகிறது. அதனால் இந்தப் படியில் அவசரமே கூடாது.

மூலைமட்டம் பார்க்க குறுக்களவு எடுங்கள். 6க்கு 5.5 மீட்டர் என்றால் இரண்டு மூலைவிட்டமும் 8.14 மீட்டர் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் நூலை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். மட்டத்துக்கு ரசமட்டத்தை நம்பாதீர்கள், டியூப் லெவலில் தண்ணீர் பிடித்து எல்லாத் தூண் இடங்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பத்துத் தூண்களுக்கும் தனித்தனி கான்கிரீட் பாதம், மேலே குறுந்தூண், அவற்றை இணைக்கும் பெல்ட் கான்கிரீட். நடுவில் உள்ளூர்க் கருங்கல் கட்டுமானம். கல் அங்கேயே கிடைக்கும், அதை வேலை செய்யத் தெரிந்தவர்களும் ஊரிலேயே இருப்பார்கள். கூலியும் ஊருக்குள்ளேயே நிற்கும். தரைமட்டத்திலிருந்து குறைந்தது ஒன்றரை அடி உயரம் வையுங்கள், மழைத்துளி தெறித்துப் பேனலின் அடிமுனை நனையக் கூடாது.

ஆங்கர் போல்ட்டுகளைக் கையால் நட்டு வைக்காதீர்கள். தூணின் அடித்தட்டைப் போலவே துளையிட்ட தகடு அல்லது பிளைவுட் அச்சு ஒன்று ஆலையிலிருந்து முன்கூட்டியே வாங்கி, அதில் போல்ட்டைப் பூட்டி, நூலுக்கு நேர் வைத்து, அப்புறம் கான்கிரீட் ஊற்றுங்கள். ஊற்றும்போது ஒருவர் அச்சைப் பார்த்துக்கொண்டே நிற்கட்டும். கான்கிரீட் இறுகும் முன் மறுபடி அளங்கள். போல்ட் மரையில் கிரீஸ் தடவிச் சாக்கு சுற்றி வையுங்கள்.

ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஆறவிடாமல் சட்டத்தை ஏற்றக் கூடாது. தண்ணீர் தூக்கி வர வேண்டிய இடம் என்பதால் இந்த வேலைதான் முதலில் கைவிடப்படுகிறது. ஈரச் சாக்கை மூடி வைத்தால் குறைந்த தண்ணீரே போதும். பேனல்களை அனுப்பச் சொல்லும் போன், போல்ட் அளவுகளை எழுதிச் சரிபார்த்த பிறகுதான் போக வேண்டும்.

10. ஏற்றி இறக்குதல்

கடைசியில் தேவைப்படுவது முதலில் ஏற வேண்டும். சன்னல், கதவு, மூலைத் தகடு லாரியின் அடியில். அதன் மேல் சுவர்ப் பேனல். பிறகு கூரைப் பேனல். இரும்புச் சட்டம் ஓரமாக, எளிதில் எடுக்கும்படி. தலைகீழாக ஏற்றி வந்தால் அடிவாரத்தில் எல்லாவற்றையும் பரப்பி, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

பேனலைத் தலைச்சுமையாகப் படுக்க வைத்துத் தூக்காதீர்கள், காற்று அடித்தால் ஆளையே தள்ளும். செங்குத்தாக, பட்டைக் கயிறு போட்டு, இருவர் ஒரே பக்கமாகப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். காற்று எழும் பிற்பகலுக்கு முன்பே தூக்கும் வேலையை முடித்துவிடுங்கள். கையுறை எல்லோருக்கும் கட்டாயம், தகட்டு விளிம்பு கத்தி போல் அறுக்கும்.

11. எழுப்புதல்

சட்டம், பிறகு கூரை, பிறகு சுவர். கூரை முதலில் போவது ஏன் என்று கேட்பார்கள்: மழை வந்தால் அதன் கீழே மற்ற பொருள்களை வைக்கலாம். ஆனால் கூரை ஏறுவதற்கு முன் சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் எல்லாம் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பாதி இறுக்கிய சட்டத்தின்மேல் கூரையைப் போட்டுவிட்டு அன்றிரவு அப்படியே விட்டுப் போவது ஆபத்து. ஒரு நாளில் எவ்வளவு பூட்டுகிறீர்களோ அவ்வளவையும் முழுதாக ஸ்க்ரூ போட்டு முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கூரைப் பேனலைக் காற்று வரும் திசைக்கு எதிர்முனையிலிருந்து தொடங்குங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறும் மடிப்பின் வாய் காற்று வரும் பக்கத்தைப் பார்க்காமல் இருந்தால் சாரல் உள்ளே புகாது.

ஸ்க்ரூவை இறுக்கும்போது ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும், அங்கே நிறுத்துங்கள். மேலும் முறுக்கினால் வாஷர் கிழிந்து, முதல் மழையிலேயே ஒழுகும். பேனலை வெட்ட கிரைண்டர் வேண்டாம்; பறக்கும் பொறி வண்ணப் பூச்சைச் சுட்டுத் துருவுக்கு வழிவிடும். தகடு வெட்டும் பிளேடு போட்ட ஜிக்சா போதும். வெட்டிய இரும்புத் தூளை அன்றன்றே கூரையிலிருந்து பெருக்குங்கள். பாதுகாப்புத் தாளையும் வாரக்கணக்கில் விட்டால் வெயிலில் ஒட்டிக்கொண்டு உரியாது.

12. இடுக்கு அடைத்தலும் வியர்வையும்

பேனல் வீட்டைப் பற்றி வரும் குறைகளில் பெரும்பாலானவை இந்தப் படியில் பிறப்பவை. “உள்ளே தண்ணீர் சொட்டுகிறது” என்பார்கள். கூரை ஒழுகுகிறது என்று சிலிக்கான் மேல் சிலிக்கானாகப் பூசுவார்கள். பல நேரம் அது மழைத் தண்ணீரே இல்லை.

ஒரு அறையில் நான்கு பேர் தூங்குகிறார்கள், உலையும் கொதித்திருக்கிறது. உள்ளே 20 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 16 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் அந்த ஈரம் நீராகப் படியும். பேனலின் உட்பக்கம் அவ்வளவு குளிராது. ஆனால் வெளியிலிருந்து உள்ளே நீண்டு வரும் இரும்பு ஒன்று இருந்தால் அது வெளிக்குளிரை அப்படியே கொண்டுவரும், அங்கேதான் சொட்டும்.

இதற்கு மூன்று வேலைகள். இரும்புச் சட்டம் முழுவதும் பேனலுக்கு உட்புறமாகவே இருக்கட்டும், பாதி உள்ளே பாதி வெளியே என்று எந்தக் குழாயும் கூடாது. பேனல்கள் சேரும் இடத்தில் உட்புறமும் வெளிப்புறமும் பியூட்டைல் டேப், முகட்டின் இடைவெளியில் நுரை நிரப்பி மேலே முகட்டுத் தகடு. மூன்றாவது, எதிரெதிர்ச் சுவரில் உயரமாக இரண்டு வென்டிலேட்டர்கள், கொசுவலையோடு, மூட முடியாதபடி. குளிருகிறது என்று மக்கள் துணி வைத்து அடைப்பார்கள். படுக்கும் இடத்துக்கு நேராக வைக்காமல் இருந்தால் அடைக்க மாட்டார்கள்.

பேனலின் திறந்த முனை எதையும் விட்டுவைக்காதீர்கள். நுரையை எலி குடையும், எறும்பு கூடு வைக்கும். அடிமுனை, சன்னல் ஓரம், குழாய் போகும் துளை எல்லாம் தகட்டு மடிப்பால் மூடப்பட வேண்டும். வேலை முடிந்ததும் இருட்டிய பிறகு உள்ளே விளக்கைப் போட்டு வெளியே சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்றும் எறும்பும் புகும் இடம்.

13. மின்சாரம்

கம்பம் வந்திருக்கும் ஊரில் இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நாள்கணக்கில் மின்சாரம் போகும் ஊர் என்றால் சூரிய மின்சாரம் வேண்டும். கணக்கு இப்படி: 9 வாட் எல்.இ.டி. ஐந்து, ஐந்து மணி நேரம், 225. 30 வாட் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரம் இழுக்கும்) மின்விசிறி ஆறு மணி நேரம், 180, தொலைக்காட்சி 160, மிக்சி 100, போன் சார்ஜ் 40. மொத்தம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 700 வாட்-மணி.

ஆண்டுச் சராசரி வெயிலை வைத்துக் கணக்குப் போட்டால் ஐப்பசியில் இருட்டில் இருக்க வேண்டும். பனியும் மேகமும் உள்ள நாளுக்கு மூன்றரை மணி நேர முழு வெயில், இழப்பு போக 70 சதவீதம் என்று எடுத்தால் 300 வாட்டுக்குக் குறையாத சோலார் பேனல் வேண்டும். இரண்டு நாள் தாங்க 12.8 வோல்ட், 150 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. சாதாரண 75 வாட் மின்விசிறி போட்டால் மட்டும் இன்னும் 110 வாட் அளவுக்குப் பேனல் கூடும். விசிறியை மாற்றுவது மலிவு. சோலார் பேனலைத் தெற்கு நோக்கி, கூரையின் 15 டிகிரிச் சாய்விலேயே பதித்துக்கொள்ளலாம். அதைக் கூரைத் தகட்டில் மட்டும் திருகாதீர்கள், கீழே உள்ள சட்டத்தோடு பிடிக்க வேண்டும். 7ஆம் படியின் கணக்கு இதற்கும் உண்டு.

வயர் எல்லாம் பைப்புக்குள் போக வேண்டும். தகட்டுத் துளையின் விளிம்பு வயரை அறுத்தால் வீட்டின் சுவர் முழுவதும் மின்சாரம் பாயும். அதனால் சட்டத்துக்கு எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான், இவை இரண்டும் இல்லாமல் இணைப்பு கொடுக்கவே கூடாது. இடி அதிகம் விழும் முகட்டு ஊராக இருந்தால் இடிதாங்கியும் தனி எர்த் குழியும் போடுங்கள்.

14. ஒப்படைத்தல்

சாவியோடு ஒரு பெட்டி கொடுங்கள்: மிச்ச ஸ்க்ரூ, வாஷர், இரண்டு குழல் சிலிக்கான், ஒரு சுருள் பியூட்டைல் டேப், ஸ்க்ரூ பிட், தகட்டின் அதே நிறப் பெயின்ட் ஒரு டப்பா. எண்ணிட்ட வரைபடத்தின் நகல் ஒன்றை லேமினேட் செய்து கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். எந்தப் பேனல் அடிபட்டாலும் எண்ணைச் சொல்லி மாற்றுப் பேனல் கேட்கலாம்.

வீட்டை எழுப்பும்போதே ஊரில் இரண்டு இளைஞர்களை ஸ்க்ரூ மெஷின் பிடிக்கப் பழக்கியிருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கும் இவர்களுக்கும் நேரில் காட்ட வேண்டியவை: கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துவது, எங்கே ஆணி அடிக்கலாம் எங்கே கூடாது, சுவர் ஓரத்தில் குப்பை எரிக்கக் கூடாது என்பது.

முதல் பெருங்காற்றுக்குப் பிறகும் முதல் மழைக்குப் பிறகும் நீங்கள் ஒருமுறை போய்வர வேண்டும். கூரை ஓர ஸ்க்ரூக்கள், ஆங்கர் போல்ட் நட்டுகள், மேற்புற வாய்க்கால் மூன்றையும் பாருங்கள். தளர்ந்த நட்டை இறுக்கி, பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், அடுத்த ஆண்டு பார்க்கிறவருக்கு அது நகர்ந்திருக்கிறதா என்று தெரியும். அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் புரட்டாசியில், மழை தொடங்கும் முன், அந்த இளைஞர்களே இதைச் செய்யலாம்.